செட்டுக்காரர் வீட்டு அகராதி

ஜூன் 9, திங்கள்

பேச்சுப் பயிற்சி டீச்சர் ஜெசிந்தா ஒரு நோட்டு போடச் சொல்லுச்சு. புது நோட்டு எதுக்கு தண்டமான்னு கடையில கிடந்த புக்கிங் நோட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்துல இருந்து எழுதுறேன். முன்பக்கம் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடைத் திருவிழா. பின்பக்கம் எங்க வீட்டுக்காரரு.

விஷயம் இதுதான். மே இருபத்திரண்டாம் தேதி காலையில பல்லு விளக்கிட்டு நின்னவரு அப்படியே சரிஞ்சாரு. மூளையில ரத்தக் குழாய் அடைப்பாம். வலது கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமா வருது. பேச்சு போயிருச்சு. முழுசாப் போகல, ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருக்கு. "செட்."

முப்பது வருஷமா இந்த ராஜபாளையத்துல மைக் செட்டு வாடகைக்கு விடுற மனுசன். ஊரே "செட்டுக்காரரே"ன்னுதான் கூப்பிடும். எல்லா வார்த்தையும் போய் தொழில் மட்டும் வாயில நிக்குது.

அவரு எப்ப செட்டுன்னு சொன்னாலும் தேதி போட்டு, என்ன கேட்டாருன்னு கண்டுபிடிச்சு எழுதணுமாம். வார்த்தை எல்லாம் உள்ள பத்திரமா இருக்காம், வெளிய வர்ற வழியிலதான் கோளாறாம். "ஆம்ப்ளிஃபயர் நல்லாருக்கு, வயரு மட்டும் அறுந்திருக்கு, அப்படித்தானம்மா?"ன்னு கேட்டேன். டீச்சர் சிரிச்சுக்கிட்டே ஆமான்னுச்சு.

வாராவாரம் டீச்சர் இந்த நோட்டை வாசிக்கும். அதனால எல்லாம் நல்ல விதமாத்தான் எழுதணும்.

ஜூன் 10

செட்: தண்ணி.
செட்: அந்தத் தண்ணி இல்ல, சுடுதண்ணி.
செட் (கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு): ஜன்னல் கதவைச் சாத்து.
செட் செட் செட்: பாத்ரூம். இது எனக்குப் புரியறதுக்குள்ள காரியம் முடிஞ்சிருச்சு. பெட்ஷீட் துவைச்சுப் போட்டேன்.

ஜூன் 14

வார்த்தை ஒண்ணா இருந்தாலும் ராகம் வேற வேறயா இருக்கு. வெடுக்குன்னு "செட்!"னா வேண்டாம். இழுத்து "செட்டூ..."ன்னா குழம்புல உப்பு இல்ல. மூக்கு வழியா சொன்னா டிவியில வர்றவன் பொய் சொல்றான்னு அர்த்தம். செய்தி நேரத்துல மூக்கு வழியாவேதான் சொல்லிக்கிட்டு இருக்காரு.

பக்கத்து வீட்டு ரேணுகா வந்து, "செட்டுக்காரருக்கு என்ன வேணும்னு உங்களுக்கு எப்படிக்கா தெரியுது?"ன்னு கேட்டுச்சு. இருபத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், தெரியாதான்னு சொன்னேன். தெரியலதான். பாதி நேரம் குத்துமதிப்புதான்.

மத்தியானம் மோர் கேட்டாருன்னு நினைச்சு மோர் கொண்டு போனா, அவரு சட்டையில நான் பட்டனை மாத்திப் போட்டுட்டேன்னு சொல்லியிருக்காரு. மோரையும் குடிச்சுட்டாரு.

ஜூன் 20, வெள்ளி

டீச்சர் வந்துச்சு. நாகர்கோவில் பொண்ணு, இருபத்தாறு வயசுதான் இருக்கும். குரல்ல ஒரு அதட்டல் உண்டு. அவரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உக்காந்துட்டாரு. எங்கிட்ட இப்படி ஒருநாள் உக்காந்ததில்ல.

டீச்சர் சொன்னது: இந்த மாதிரி ஆளுங்களுக்கு யோசிச்சுப் பேசுற பேச்சு வராட்டியும், யோசிக்காம வாயில ஓடுற பேச்சு வந்துடுமாம். ஒண்ணு ரெண்டு மூணு, சாமி பாட்டு, கெட்ட வார்த்தை, வீட்டு ஆளைக் கூப்பிடுறது, இப்படி. எது வருதுன்னு தேடிக் கண்டுபிடிக்கணுமாம்.

"ஒண்ணு, ரெண்டு சொல்லுங்க சார்."
"செட். செட்."
"முருகா சொல்லுங்க."
"செட்டா."

முருகனுக்கு ஒரு 'ஆ' கூடுதலாக் கிடைச்சுது. அடுத்து என்னைக் காட்டி, "இவங்க பேரு சொல்லுங்க, பேச்சியம்மா"ன்னுச்சு. அவரு வாயை அப்படியும் இப்படியும் கோணி, வேர்த்து விறுவிறுத்துப் போயிட்டாரு. வரல.

"எப்படிம்மா வரும்? கல்யாணம் ஆன நாள்ல இருந்து என் பேரை ஒரு தடவை சொன்னதில்ல"ன்னேன்.

"அப்ப எப்படித்தான் கூப்பிடுவாரு?"

"இந்தான்னு."

"கடைசியா எப்ப அப்படிக் கூப்பிட்டாருன்னு ஞாபகம் இருக்கா?"

அடுப்புல பால் வச்சிருந்தேன், எந்திரிச்சுப் போயிட்டேன்.

ஜூன் 28, சனி

மக மதி கோயம்புத்தூர்ல இருந்து வந்திருக்கா. அங்க காலேஜ்ல இங்கிலீஷ் பாடம் எடுக்குறா. எங்க கடைப் பேரே மதி சவுண்ட் சர்வீஸ்தான். நோட்டை வாசிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம் முந்தானையை வச்சுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டா. என் முந்தானையை.

"அம்மா, அப்பா மாட்டிக்கிட்டு இருக்குற வார்த்தை சாதாரண வார்த்தை இல்ல. இங்கிலீஷ் அகராதியில பக்கம் பக்கமா அர்த்தம் போட்டிருக்குற வார்த்தை அது. சூரியன் மறையறது செட்டு. சிமெண்ட் இறுகுறது செட்டு. டென்னிஸ் ஆட்டத்துல செட்டு. சாப்பாட்டு மேஜையில தட்டு எடுத்து வைக்கிறதும் செட்டு, எலும்பு முறிஞ்சா சேர்த்துக் கட்டுறதும் செட்டு."

நான் விடுவேனா? "பம்பு செட்டு, பல்லு செட்டு, செட் தோசை, அந்தக் காலத்துல எங்க செட்டுப் பிள்ளைகன்னு சொல்றோமே அது, இந்த இடம் எனக்கு செட்டாகலன்னு நீ மாசாமாசம் வீடு மாத்துறியே அது"ன்னு அடுக்கினேன்.

"அதுவும் உண்டு. இன்னொரு வேடிக்கை கேளும்மா. இது ஒரே வார்த்தையே இல்ல. ரெண்டு குடும்பத்துல பிறந்தது. ஒண்ணு பழைய இங்கிலீஷ், அதுக்கு உக்கார வைக்கிறதுன்னு அர்த்தம். கூட்டம்னு அர்த்தம் வர்ற இன்னொண்ணு லத்தீன்ல இருந்து பிரெஞ்சு வழியா வந்துச்சு. அதோட மூல அர்த்தம் பின்னாலயே போறது. ரெண்டும் ஒரே மாதிரி ஒலிச்சு ஒண்ணோட ஒண்ணு கலந்துபோச்சு."

உக்கார வைக்கிறது ஒண்ணு, பின்னாலயே போறது ஒண்ணு. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நான் இந்த ரெண்டைத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன்னு சொன்னேன். கட்டில்ல இருந்து அவரு "செட்"னாரு. மகளுக்குப் புரியல. எனக்குப் புரிஞ்சுது. போதும் நிறுத்துடின்னு சொல்றாரு.

ஜூன் 29

மதி ஊருக்குப் போகையில அவரு வாசல் வரைக்கும் குச்சி ஊன்றி வந்து "செட்"னாரு. இதுக்கு அர்த்தம் எழுதத் தேவையில்ல.

ஜூலை 5, சனி

இதுவரைக்கும் முப்பத்தெட்டு அர்த்தம் சேர்ந்திருக்கு. காலையில எந்திரிச்சதும் செட், படுக்கையில செட். நானும் இப்ப சில நேரம் செட்டுன்னே பதில் சொல்றேன். நேத்து ரெண்டு பேரும் மாத்தி மாத்தி செட்டு செட்டுன்னு சண்டை போட்டோம், கறிவேப்பிலையை ஒதுக்கி வைக்கிறதைப் பத்தி. நான்தான் ஜெயிச்சேன்.

போன பத்து மாசத்துல எங்கிட்டப் பேசாத பேச்சை இந்த ஒண்ணரை மாசத்துல பேசித் தீர்த்துட்டாரு.

டீச்சர், மேல இருக்குற வரியை வாசிக்க வேண்டாம். பேனா வழுக்கிருச்சு.

ஜூலை 6, ஞாயிறு (இந்தப் பக்கம் பின் அடிச்சு ஒட்டினது)

எழுதினதை அடிச்சுட்டா டீச்சருக்குச் சந்தேகம் வரும். அதனால இதைத் தனியா எழுதி பின் அடிச்சுடுறேன்.

போன ஆடியில இருந்து அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல. ஏதாவது வேணும்னா கூடத்துல இருக்குற டேபிள் ஃபேனைப் பாத்துச் சொல்லுவாரு. "காபி ஆறிப்போச்சுன்னு சொல்லு." "நாளைக்கு சத்திரப்பட்டியில கொடை, வர நேரமாகும்னு சொல்லு." ஃபேன் இல்ல இல்லன்னு தலையாட்டும். நானும் ஃபேன்கிட்டயே பதில் சொல்லுவேன். சிரிப்பாத்தான் இருக்கும். பத்து மாசம் இருக்கும்போது சிரிப்பா இல்ல.

அம்மன் கோயில் ஆடிக் கொடையில நடந்தது. எங்க அண்ணன் பந்தியில எல்லார் முன்னாடியும், "முப்பது வயசு நெருங்குது, உங்க மகளை இனிமே எவன் கட்டுவான்? காலேஜ்லயே கிழவி ஆகட்டும்"னான். இவரு பக்கத்துலதான் நிக்குறாரு. ஒரு வார்த்தை கேக்கல. "செட்டைப் பாத்துட்டு வாரேன்"னு நழுவிட்டாரு. நான் பின்னாலயே மைக் போட்டிருந்த கொட்டகைக்குப் போய் விளாசினேன். மைக் ஆன்ல இருந்துச்சு. எட்டுக் குழாய் ஸ்பீக்கர்லயும் என் குரல் ஊரெல்லாம் போச்சு. மைக்கை அணைக்காம வச்சது யாரு? செட்டுக்காரருதானே? அது அவரு தப்பு. யாருக்குத் தெரியும் மைக் ஆன்ல இருக்குன்னு?

ஜூலை 11

டீச்சர் கேட்டுச்சு, "இந்தப் பக்கம் ஏன் பின் அடிச்சிருக்கு?"

"மளிகைக் கணக்கு"ன்னேன்.

"நாலு பின் அடிச்சா?"

மளிகை விலை அப்படி இருக்கேன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு என்னையே பாத்துச்சு. அவரும் பாத்தாரு. "செட்"னாரு. அர்த்தம் தெரியல. தெரியலன்னு எழுதிட்டேன்.

ஜூலை 19, சனி

டீச்சருக்கு ஒரே சந்தோசம். இன்னைக்கு பயிற்சியில "த" சத்தம் வந்துச்சு. "த... த..." தண்ணிதான். முழுசா வரல, ஆனா வருது. வாய்க்குள்ள வயரு ஒட்டிக்கிட்டு வருதுன்னுச்சு. நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்லுது.

காலையில ஒருமணி நேரம், சாயங்காலம் ஒருமணி நேரம் விடாம பயிற்சி கொடுக்கணுமாம். கொடுக்கறேன்னு சொன்னேன்.

ஜூலை 20

தண்ணித் தொட்டி கழுவினேன். பயிற்சிக்கு நேரமில்ல.

ஜூலை 21

மிளகாய் காயப் போட்டேன். பயிற்சிக்கு நேரமில்ல.

ஜூலை 22

அலமாரி துடைச்சேன்.

ஜூலை 25, வெள்ளி

டீச்சர் நோட்டை மூடி வச்சுட்டு, "அலமாரியைத் தினம் துடைப்பீங்களாக்கா?"ன்னுச்சு.  எனக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு.

மதி போன்ல பிடிபிடின்னு பிடிச்சுட்டா. "அப்பாவுக்குப் பேச்சு வரணும்னு உனக்கு ஆசை இல்லையா?"ன்னு கேட்டா. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அம்மாகிட்ட என்ன கேக்கணும்னே தெரியல. கோபமா போனை வச்சுட்டேன்.

ராத்திரி (இதையும் பின் அடிச்சுடுறேன்)

ஆசை இல்லாமலா? இந்த நோட்டுல யார்கிட்ட மறைக்கிறது. எனக்குப் பயம். இப்ப ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கு, அதை எங்கிட்ட சொல்லத்தான் வேணும், வேற வழி இல்ல. நாளைக்கு எல்லா வார்த்தையும் திரும்பி வந்துட்டா முதல் வேலையா ஃபேனைப் பாத்து, "காபி ஆறிப்போச்சுன்னு சொல்லு"ன்னுதான் சொல்லுவாரு. யோசிக்காம வாயில ஓடுறதுதானே முதல்ல வருமாம். பத்து மாசமா ஓடினது அதுதானே.

டேபிள் ஃபேனைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன். புழுக்கமா இருக்கு. பரவாயில்ல.

ஜூலை 26

செட் (நெத்தியைத் துடைச்சுக்கிட்டு): ஃபேன் எங்க?
ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொல்லிட்டேன். அவரு எத்தனை ஃபேனைக் கழட்டி மாட்டின ஆளு. நம்பல.

ஆகஸ்ட் 2

ஒழுங்கா ரெண்டு வேளையும் பயிற்சி கொடுக்குறேன். "தண்ணி" வந்துருச்சு. பாதி "தண்ணி", பாதி "செட்ணி". இட்லிக்குத் தொட்டுக்கிடலாம் போலருக்குன்னேன். சிரிச்சாரு. வாய் ஒரு பக்கம்தான் ஏறுது. அந்த ஒரு பக்கமே எனக்குப் போதும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தெரு விநாயகர் சதுர்த்தி கமிட்டிக்காரங்க வந்தாங்க. இதே புக்கிங் நோட்டு முன்பக்கத்துல அவரு கையெழுத்துல ஆகஸ்ட் 27 எழுதியிருக்கு. "செட்டுக்காரருக்கு உடம்புக்கு முடியல, வேற செட்டு சொல்லிக்கிடவாக்கா?"ன்னு தயங்கித் தயங்கிக் கேட்டாங்க.

கட்டில்ல இருந்து வெடுக்குன்னு, "செட்!"

"கேட்டீங்கள்ல? வேண்டாமாம். மதி சவுண்ட் சர்வீஸ்தான் போடும். நான் போடுறேன்"னேன்.

அவங்க என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. ஏன், இத்தனை வருஷமா வயர் சுத்திக் கொடுத்தது யாரு? எந்தப் பின்னு எங்க போகும்னு எனக்குத் தெரியாதா? அதுல ஒருத்தன் சிரிப்பை அடக்கிக்கிட்டே, "அக்கா, மைக்கை மட்டும் பாத்து அணைச்சுடுங்க"ன்னுட்டுப் போனான். போன ஆடிக்கு அவனும் கேட்டவன்தான்.

அவரு சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டாரு. சாயங்காலம் வரைக்கும் ஒரு செட்டும் இல்ல.

ஆகஸ்ட் 11 (பின் அடிக்கல)

டீச்சர், நீங்க வாசிங்க. பழைய பக்கத்துப் பின்னையும் பிடுங்கிட்டேன், அதையும் வாசிங்க. அதுல ஒரு பொய் இருக்கு.

எங்க ஆம்ப்ளிஃபயர்ல மைக்குக்குன்னு ஒரு சின்ன சிவப்பு லைட்டு உண்டு. அவரே மாட்டினது. அது எரிஞ்சா மைக் உயிரோட இருக்கு, பாத்துப் பேசணும்னு அர்த்தம். அன்னைக்கு அது எரிஞ்சுது. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் பேசினேன். எங்க அண்ணன் ஊர் முன்னாடி என் மகளைப் பேசினான்ல, ஊர் முன்னாடியே இவருக்கும் ஒரு சூடு விழட்டும்னு நினைச்சேன்.

என்ன சொன்னேன்னா, "ஊருக்கே குழாய் கட்டிச் சத்தம் கொடுக்குற ஆளு, பெத்த மகளுக்கு ஒரு சத்தம் கொடுக்க மாட்டீங்களா? அந்த வாய் இருந்தா என்ன, இல்லாமப் போனா என்ன?"

எட்டுக் குழாயிலயும் போச்சு. இல்லாமப் போனா என்னன்னு சொன்னேன். பத்து மாசத்துல போயிருச்சு. நான் சொன்னதாலதான்னு டாக்டர் யாரும் சொல்லல. ஆனா நான் சொன்னேன்ல.

ஆகஸ்ட் 15, வெள்ளி

டீச்சர் எல்லாத்தையும் வாசிச்சுச்சு. எனக்கு ஒரு பாடம் எடுக்கும்னு பாத்தேன். எடுக்கல. "அக்கா, அன்னைக்கு சாயங்காலம் சார் மூளைக்குள்ள போய் ரத்தக் குழாயை நீங்க அடைக்கல. அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும். மத்தது நீங்களும் சாரும் பாத்துக்கிட வேண்டியது"ன்னுச்சு. "காலையிலம்மா, பல்லு விளக்கையில"ன்னு திருத்தினேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ரேணுகா வீட்டுக்காரரை ஏணியில ஏத்தி ரெண்டு குழாய் கட்டியாச்சு. நான் கீழ நின்னு வலது பக்கம், இடது பக்கம்னு சொன்னேன். அவரு நாற்காலியில உக்காந்து செட்டு செட்டுன்னு அதட்டினாரு. மூணாவது தடவைதான் குழாய் கோயில் பக்கம் திரும்புச்சு. அவரு சொன்னது சரிதான், நான் சொன்னது தப்பு. எழுதி வைக்கிறேன், வாயால சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 27, புதன்

எல்லாத்தையும் வரிசையா எழுதணும்.

காலையில ஆறு மணிக்குப் பந்தல்ல ஆம்ப்ளிஃபயர் வச்சு, அவரைப் பக்கத்துல நாற்காலியில உக்கார வச்சேன். வேட்டி, வெள்ளைச் சட்டை. பட்டன் சரியாப் போட்டிருந்தேன். தெருவே கூடியிருச்சு. செட்டுக்காரரைப் பாக்க வந்தது பாதி, நான் என்ன கூத்து பண்ணுவேன்னு பாக்க வந்தது பாதி.

சுவிட்சைப் போட்டேன். சிவப்பு லைட்டு எரிஞ்சுது. மைக்கைக் கையில எடுத்து வாயைக் குவிச்சு "உஃப், உஃப்"னு ஊதினேன். மைக்ல ஊதுற ஆளைக் கண்டா அவருக்கு எப்பவுமே ஆகாது. மைக்கோட மண்டையில அடிக்கிற மாதிரின்னு சொல்லுவாரு. நாற்காலியை விட்டு எம்பி, இடது கையால மைக்கைப் பிடுங்கினாரு. வாய்கிட்ட கொண்டு போனாரு.

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன்... டூ... த்ரீ..."

செட்டு இல்ல. ஒன், டூ, த்ரீ! அட, எங்க புத்தி போச்சு? டீச்சரும் நானும் ரெண்டரை மாசமா ஒண்ணு ரெண்டு மூணுன்னு தமிழ்ல மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தோம். முப்பது வருஷமா இந்த மனுசன் வாயில ஓடினது ஒன் டூ த்ரீதானே. தெருவே கையைத் தட்டுச்சு. அவரு குழாயை அண்ணாந்து பாத்தாரு, அந்தக் குரல் யாருதுன்னு தெரியாத மாதிரி. மறுபடியும் சொன்னாரு. ஃபோர், ஃபைவ் வரைக்கும் போனாரு.

 வழி திறந்துருச்சு. இனி எல்லாம் வரும். ஃபேனுக்கு வர்றதும் வரும். அதுக்கு முன்னாடி நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிடணும்னு தோணுச்சு. அவரு கையில இருந்து மைக்கை வாங்கினேன். லைட்டைப் பாத்தேன். எரியுது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. போன ஆடியில எங்க வீட்டுக்காரரைப் பத்தி இதே மைக்ல நான் ஒண்ணு சொன்னேன். தெரியாம நடந்துச்சுன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. அப்பவும் லைட்டு எரிஞ்சுது, தெரிஞ்சேதான் சொன்னேன். அது தப்பு. அந்த வாய் எனக்கு வேணும். உப்பு இல்லன்னு சொல்லவாவது வேணும்."

ரெண்டு குழாயிலயும் போச்சு. கோயில் தாண்டிக் கேட்டுருக்கும். ஒருத்தரும் சிரிக்கல. கமிட்டிக்காரன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

அவரு கையை நீட்டி சுவிட்சை அணைச்சாரு. சிவப்பு லைட்டு போயிருச்சான்னு குனிஞ்சு, நல்லா உத்துப் பாத்தாரு. விரலால ஒரு தட்டு தட்டியும் பாத்தாரு. அப்புறம் என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னாரு.

"இந்தா."

பதிமூணு மாசம் ஆச்சு இதைக் கேட்டு. என்னங்கன்னேன். அதுக்கு மேல வார்த்தை தேடினாரு, கிடைக்கல. "செட்"னாரு.

டீச்சர், அந்த செட்டுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். நோட்டுல எழுத மாட்டேன். சாயங்காலம் பரண்ல இருந்து ஃபேனை இறக்கித் துடைச்சு வச்சேன். இப்ப காத்து நல்லா வருது.